மேக்காத்தை முதுகில் வைத்து ஒரு சுற்று: நெல்லைச் சீமையில் கூடாரப் பயணம் போகும் ஜோடிகளுக்கு

குற்றாலத்தில் தலை துவட்டின துண்டைக் காரின் பின் ஸீட்டில் விரித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். திசையன்விளையில் இறங்கும்போது அது அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். ஒரே நாளில், மேற்கிலிருந்து அடிக்கிற ஒரே மேக்காத்தில் இது நடக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்திலேயே முக்கால்வாசி கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் இடைவெளியில் தப்பித்து வருவது செங்கோட்டை, தென்காசி, குற்றாலத்துக்குச் சாரல். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது வெறும் காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து பணகுடி வரை காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

கூடாரத்தோடு போகிறவர்கள் இதை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தலைக்கு மேல் இருக்கிற வானம் நம்ம ஊரில் பொய் சொல்லும். மேற்கே மலை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நாங்கள் இரண்டு பேர், பாளையங்கோட்டை. சின்ன கார், மூன்று பேர் படுக்கிற அளவு டென்ட். இரண்டு பேருக்கு என்று விற்பதை வாங்காதீர்கள், மழை நாளில் பையை வைக்க இடம் இருக்காது. 3 ராத்திரி, 4 பகல், சுமார் 300 கிலோமீட்டர். நாலு தடவை போய் வந்ததில், அதிலும் முதல் தடவை பட்ட பாட்டில், கற்றுக்கொண்டதுதான் இது. "வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி தோப்புல போய்ப் படுக்கணுமா?" என்று எங்கள் அத்தை முதலில் கேட்டார்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் குடில் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்கின சனம்தான் நாம் எல்லோரும். எங்கள் ஆச்சி இரண்டு மரத்துக்கு நடுவே சேலையைக் கட்டி அதற்குள் எட்டு பேருக்குச் சோறு பொங்கியிருக்கிறாள். அதைச் சொன்னதும் அத்தை பேச்சை மாற்றிவிட்டார்கள்.

எப்போது கிளம்புவது

முதல் தடவை என்றால் தை பாதியிலிருந்து மாசி முடிய. மழை ஓய்ந்திருக்கும், ராத்திரி லேசாகக் குளிரும், குளமெல்லாம் நிறைந்து கிடக்கும். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். அதற்காகவே அந்தப்பக்கம் வண்டியைத் திருப்பலாம்.

ஆனால் யாரும் தையில் கேட்பதில்லை, சாரலுக்குத்தான் கேட்கிறார்கள். சரி, ஆனி, ஆடியில் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் அருவியும் தெரியாது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இறங்கும். வெட்டவெளியில் இருந்தால் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பனைமரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நகர முடியாமல் நின்று, உள்ளே இருந்தவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் டென்ட் எந்த மூலைக்கு?

வானிலை அறிக்கையில் மூன்று வார்த்தைகளை வேறுபடுத்திப் படிக்கத் தெரிய வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. முதல் வார்த்தை வந்தாலே நாங்கள் கூடாரத்தை எடுக்காமல் லாட்ஜுக்குப் போய்விடுவோம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எங்கே அடிக்கக் கூடாது

காட்டுக்குள் கிடையாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கூடாரம் போட்டால் வனத்துறை வழக்கு போடும், அது சரிதான். மலைமேல் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு பார்க்க ஆசை இருந்தால் அம்பாசமுத்திரத்தில் வனத்துறையிடம் அனுமதி கேட்டு, பகலில் போய்ப் பகலிலேயே இறங்கிவிடுங்கள். மழை நாளில் அனுமதி நிறுத்திவிடுவார்கள்.

காட்டை ஒட்டின தோப்பும் கிடையாது. கடையம், சிவசைலம், பாபநாசம், வடகரை அடிவாரம் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். யானை, கரடி, பன்றி, சிறுத்தை எல்லாவற்றுக்கும் அது வழித்தடம். மாம்பழம், பலாப்பழம் பழுக்கிற காலத்தில் கேட்கவே வேண்டாம். மலைக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் ஊராவது இருக்கட்டும்.

தண்ணீர் ஓரம் ஒருநாளும் கிடையாது. தாமிரபரணிப் படித்துறை, சிற்றாற்றங்கரை, வறண்ட ஓடை, மணல்திட்டு எதுவும் வேண்டாம். மேலே மலையில் பெய்கிற மழை உங்களுக்குக் கேட்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கின வெள்ளம் 17 வயசுப் பையனைக் கொண்டுபோனது. அன்றைக்கு அருவிக்கரையில் நின்றவர்களுக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. அருவித் தண்ணீரில் சருகு, சுள்ளி கூடுதலாக வந்தாலோ, நிறம் கலங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ குளித்தது போதும் என்று மேலே ஏறிவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசே விசில் ஊதிவிடும். ஓடையில் விசில் ஊத யாரும் இல்லை.

ஆற்றுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் அப்பா காலையில் பேப்பர் பிரித்ததும் அணை நீர்மட்டம்தான் பார்ப்பார். பாபநாசம் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசம் 140-ஐத் தொட்டு நிற்கிறது, மலையில் மழை என்றும் போட்டிருக்கிறது என்றால், அம்பாசமுத்திரத்தில் வெயில் அடித்தாலும் அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் திறக்கக்கூடும். கிளம்புகிற அன்று இந்த மூன்று எண்களையும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே கேட்டு அடிப்பது

யாரையாவது கேட்காமல் எங்கும் அடிக்காதீர்கள். இலஞ்சி, மேலகரம் பக்கம் தோப்புக்காரர்களிடம் நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் போய்க் கேளுங்கள், இருட்டின பிறகு கேட்டால் திருடன் என்றுதான் நினைப்பார்கள். "எந்த ஊரு, யாரு வீடு" என்று விசாரிப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அந்த விசாரணைதான் ராத்திரிக்கு நமக்குக் காவல். "இவுக யாரு தாயி?" என்று என்னிடம் தனியாகவும் கேட்டிருக்கிறார்கள். ஆதார் இரண்டு பேருடையதும் கையில் இருக்கட்டும். ரோந்து போலீஸ் வந்தால், தோப்புக்காரர் பெயரையும் போன் நம்பரையும் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மோட்டார் ரூம் இருக்கிற தோப்பாகப் பாருங்கள். பம்புசெட்டில் குளிக்கலாம், சுவர் காற்றை மறிக்கும். மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் நின்றால் கஷ்டம். கழிவறை எங்கே என்பதைப் பெண்கள் வெட்கப்படாமல் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் பக்கத்துப் பெட்ரோல் பங்க் எத்தனை தூரம் என்று பார்த்துக்கொண்டு, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை வண்டியை எடுத்துப் போய் வாருங்கள்.

தென்னந்தோப்பில் இடம் கிடைத்தாலும் தென்னைக்கு அடியில் அடிக்காதீர்கள். தேங்காய்க்குக் கண் இருக்கிறது, ஆள் தலையில் விழாது என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். மட்டைக்குக் கண் கிடையாது. ஆடிக்காற்றில் ஒரு பச்சை மட்டை விழுகிற சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் மறுபடி அங்கே படுக்க மாட்டார்கள். தோப்பு ஓரத்தில் வரப்பை விட்டு உயரமான, கொஞ்சம் சரிவான இடம் எடுங்கள். அடுத்தவர் தோப்பில் டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதும் மரியாதை இல்லை.

மழையில் கூடாரம் அடிக்கிற வரிசை

முதல் பயணத்தில் முதல் ராத்திரி, மணி இரண்டு இருக்கும். முதுகில் ஜில்லென்று ஏதோ. போர்வை விலகியிருக்கும் என்று புரண்டு கையை ஊன்றினேன், பாய் சதக்கென்று அமுங்கியது.

"ஏங்க, தண்ணி."

"பாட்டில் உன் தலமாட்டுலதான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

இரண்டு நிமிஷத்தில் அவர் பக்கமும் நனைந்தது. பிறகு "எந்தி, எந்தி" என்று எழுப்பினது அவர்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை. அடியில் விரித்த தார்ப்பாய் நாலு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் வழிந்த சாரல் எல்லாம் அந்த விளிம்பில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட்டுக்கும் நடுவில் ஓடிவந்து குளம் கட்டியிருந்தது. தரையைக் காப்பாற்றப் போட்டதே தண்ணீரைக் கூட்டி வந்திருக்கிறது. விடிகிற வரை காரின் முன் ஸீட்டுகளில் உட்கார்ந்து, தார்ப்பாயை விரித்தது யார் என்று வழக்காடினோம். விரித்தது நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வரிசை இதுதான். முதலில் காரை மேற்குப் பக்கம் சுவர் மாதிரி குறுக்கே நிறுத்துவோம். இரண்டாவது, மேல் தார்ப்பாய். மாமரத்துக்கும் மோட்டார் ரூம் ஜன்னல் கம்பிக்கும் நடுவே கயிறு கட்டி அதன் மேல் போடுவோம். மேற்கு ஓரம் தாழ்ந்து, கிழக்கு ஓரம் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் இருக்க வேண்டும். அது முடிந்தால் மழை பெய்தாலும் அவசரம் இல்லை. மூன்றாவது, அந்தக் கூரைக்குக் கீழே தரைத் தார்ப்பாய். டென்ட் அடிப்பாகத்தை விட நாலு விரல் உள்ளே இருக்கும்படி ஓரங்களைக் கீழ்ப்பக்கமாக மடித்து விடுங்கள். நாலாவதுதான் டென்ட், வாசல் கிழக்கே பார்த்து. முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், நேராக அடித்தால் ஈர மண்ணில் உருவிக்கொண்டு வந்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், ஆகவே படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து இழுத்துக் கட்டுங்கள். பிரிக்கும்போது இதே வரிசை தலைகீழ். மேல் தார்ப்பாய் கடைசியாகத்தான் இறங்க வேண்டும்.

உள்ளே படுக்கக் காற்றடைத்த மெத்தை வாங்கிப் பார்த்தோம், முள் குத்தி ஒரே ராத்திரியில் இறங்கிவிட்டது. இப்போது கோரைப்பாய்தான். சேரன்மகாதேவி பக்கத்துப் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்கிற பட்டுப்பாயைக் கூடாரத்துக்குக் கேட்காதீர்கள், நெய்கிறவர்கள் மனசு நோகும். முரட்டுக் கோரையில் ஒன்று போதும், தரைக் குளிர் மேலே ஏறாது. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது ஒன்றுதான் அதன் குறை.

ஜிப்பை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிய வலிகூடத் தெரியாது. வெளியே விட்ட செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். சந்தேகம் என்றால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் 108. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். வெள்ளம், புயல் சமாச்சாரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

சமையலைப் பெரிதாக வைத்துக்கொள்ளாதீர்கள். மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் புளியோதரையும் முதல் நாளைக்குத் தாங்கும். பிறகு வழியில் எத்தனையோ கடை. சின்ன அடுப்பு கருப்பட்டிக் காப்பிக்கு மட்டும். எத்தனை மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்ற வைக்கக் கூடாது. தீயை விட மூடின இடத்தில் சேர்கிற கார்பன் மோனாக்சைடு வாயுதான் ஆளைக் கொல்லும், அதற்கு மணம்கூடக் கிடையாது.

பாதை

சாரல் காலத்தில் மலையை முதலில், கடலைக் கடைசியில் வையுங்கள். நனைந்த துணியையும் டென்ட்டையும் கடற்கரைக் காற்று காயவைத்துக் கொடுக்கும். எதிர்த்திசையில் போனால் கடைசி நாள் ஈரத்தோடு வீட்டுக்கு வருவீர்கள். போகும்போது மேக்காத்தும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

முதல் நாள் பாளையங்கோட்டை, ஆலங்குளம், தென்காசி, குற்றாலம். சாரல் தண்ணீர் என்றால் குளிர் எலும்பு வரை போகும், குளித்ததும் செங்கோட்டைப் பக்கம் போய்ச் சூடாகப் பரோட்டா சாப்பிடுங்கள். இரண்டாம் நாள் கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு, திருக்குறுங்குடி. வழியெல்லாம் வயலும் வாழையும், காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. களக்காட்டுப் பக்கம் ராத்திரி தங்குகிறீர்கள் என்றால் வாழைத்தோட்டத்துக்குள் வேண்டாம், ஆடிக்காற்றில் குலையோடு சாயும் வாழைக்கு நாம் தலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் வள்ளியூர் தாண்டும்போது காற்றாலைகளைக் கவனியுங்கள். அது எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. ஆனி, ஆடியில் எல்லாம் மேற்கே பார்த்து நிற்கும். செயலி எதுவும் தேவையில்லை, அன்றைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும். அங்கிருந்து ராதாபுரம், உவரி. நாலாம் நாள் மணப்பாடு, குலசேகரப்பட்டினம், உடன்குடி, திருச்செந்தூர், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், வீடு. வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் சுற்றை நீட்டுகிறவர்கள் மழை பெய்தால் தார் ரோட்டை விட்டு ஓர் அடி இறங்காதீர்கள். கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது, டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

தேரி

எனக்கு இந்தச் சுற்றிலேயே பிடித்தது இதுதான். சாத்தான்குளம், திசையன்விளை, காயாமொழிப் பக்கம் ரத்தச் சிவப்பில் மணல்மேடு மேடாகக் கிடக்கும், நடுவில் பனையும், கொல்லாமரம் என்று நாங்கள் சொல்கிற முந்திரி மர நிழலும் என்று. காரை உள்ளே விடாதீர்கள், விட்டால் அச்சு வரை புதையும்.

இரண்டாம் தடவை ஓர் அய்யனார் கோயில் பக்கம் கேட்டுவிட்டுக் கூடாரம் அடித்தோம். முளை ஒன்றும் நிற்கவில்லை, மாவில் குச்சி நட்ட மாதிரி. பனையேறுகிற பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வந்தார். "வாசல மேக்க பாத்து வச்சிட்டியளே தாயி, சோத்துல பாதி மண்ணுல்லா இருக்கும்." கேட்டு வாங்கின நாலு சிமெண்டுச் சாக்கில் மணலை அள்ளி நிரப்பச் சொன்னார். சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே காலால் மிதித்து, கயிற்றின் மறுநுனியைக் கூடாரத்தில் கட்டினார். ராத்திரி முழுக்கத் துணி படபடவென்று அடித்தது, சாக்கு அசையவில்லை. அதிலிருந்து காரில் எப்போதும் நாலு காலிச் சாக்கு. காசு கொடுத்தபோது அவர் வாங்கவில்லை, காலையில் பனையோலையில் பட்டை பிடித்துப் பதநீரும் ஊற்றிக் கொடுத்தார்.

கடல்

உவரியிலும் மணப்பாட்டிலும் மணலில் கூடாரம் அடிக்க ஆசை வரும். வேண்டாம். உவரியில் கோயிலுக்கும் கப்பல் மாதா கோயிலுக்கும் வருகிறவர்கள் தங்க அறைகள் இருக்கின்றன. வெளியே படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஊரைக் கேட்டு வீடுகளுக்குப் பின்னால். காற்றே இல்லாமல், வெயில் அடிக்கும்போதே கடல் திடுமென்று ஏறும், அதைக் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் அது. ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். அதைப் பார்க்கத் தவறினாலும் கரையைப் பாருங்கள். மீன்காரர்கள் படகை வழக்கத்தை விட மேலே இழுத்துப் போட்டிருந்தால் நீங்களும் மேலே ஏறிவிடுங்கள்.

மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் குன்றில் சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர், அவர் தங்கின குகை கீழே இருக்கிறது. உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது உடைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டென்ட்டைப் பையிலேயே போட்டு வைக்காதீர்கள். அன்றைக்கே மொட்டைமாடியில் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் விரித்துவிடுங்கள். உப்புக்காற்று பட்ட ஜிப் ஒரு மாசத்தில் இறுகிவிடும், காய்ந்ததும் மெழுகுவர்த்தியைப் பல்லின் மேல் தேய்த்து இரண்டு தடவை இழுத்து மூடினால் சரியாகும். எங்கள் டென்ட் மூலைத் தையலில் தேரி மண் இன்னமும் இருக்கிறது, எத்தனை தடவை உதறினாலும் கொஞ்சம் சிவப்பாக விழுந்துகொண்டேதான் இருக்கிறது.